வளைவில் பின்பக்கம் வழுக்கினால் எதைத் தொடுவது: ஸ்லிப்பரா, டிஃபா, ஷாக்கா?

ரிமோட் கன்ட்ரோலில் ஓடும், பத்தில் ஒன்று அளவு ஷார்ட் கோர்ஸ் டிரக்கை (மண் பந்தய டிரக்கின் சிறு மாதிரி) மண் டிராக்கில் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த தொல்லை இது. வளைவுக்குள் வண்டி சரியாக நுழைகிறது, நடுவிலும் பிடித்து நிற்கிறது. வெளியே வரும்போது த்ராட்டிலைக் கொடுத்ததும் பின்பக்கம் வழுக்கி, வண்டி சுற்றிக்கொண்டு நிற்கிறது. முன்சக்கரங்களுக்கு இழுவை இல்லாத டூ வீல் டிரைவ் வண்டியில் இது இன்னும் கூடுதல். உடனே பலரும் கை வைப்பது ஷாக்கில், அதாவது அதிர்வு தாங்கியில். வெளியே தெரிகிற பாகம், கழற்றுவதும் எளிது, ஸ்பிரிங்கும் ஆயிலும் கடையில் வரிசையாகக் கிடைக்கின்றன. ஆனால் அதே வழுக்கல் ஸ்லிப்பர் கிளட்ச்சிலிருந்தும் (மோட்டாரின் முறுக்கு மீறினால் வழுக்கிக் கொடுக்கும் பாகம்) வரும், டிஃபரன்ஷியலிலிருந்தும் (சுருக்கமாக டிஃப்; இரண்டு பின்சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவது) வரும், மோட்டார் கியரிங்கிலிருந்தும் வரும். டிரைவ்டிரெயினில் (மோட்டாரிலிருந்து சக்கரம் வரையுள்ள பாகங்களில்) இருக்கும் குறையை ஷாக்கில் தீர்க்கப் போனால் ஒரு நாள் முழுக்கச் சுற்றினாலும் வண்டி ஒரு நிலைக்கு வராது. ஆகவே முதலில் ஸ்லிப்பர், அடுத்து டிஃப், அதற்குப் பிறகே ஷாக். கியரிங்கை இந்த வரிசையில் சேர்க்காமல் மோட்டார் சூட்டை வைத்துத் தனியாக முடிவு செய்ய வேண்டும்.

கீழே சொல்வதெல்லாம் டூ வீல் டிரைவ் ஷார்ட் கோர்ஸ் வண்டிகளுக்கு. 2008-ல் வந்து இந்த வகையையே பரவலாக்கிய டிராக்சஸ் ஸ்லாஷ், அதைத் தொடர்ந்து வந்த அசோசியேட்டட் எஸ்.சி.10 இரண்டும் உதாரணத்துக்கு வரும். ஸ்லாஷின் நீளம் 568 மி.மீ., அகலம் 296, வீல்பேஸ் 335. இரண்டு கிலோவுக்கு மேல் எடை. இதைவிட லேசான பக்கி காருக்கு எழுதிய செட்டிங்கை இந்த எடையில் அப்படியே போட்டால் ஒத்துவராது.

எதையும் மாற்றும் முன் இரண்டு சோதனைகள். முதலாவது டயர். தேய்ந்த முட்களோடு செட்டிங் பார்ப்பதில் பொருளே இல்லை. இரண்டாவது, நான்கு ஷாக்கையும் ஆர்மிலிருந்து (சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) கழற்றிவிட்டு ஒவ்வோர் ஆர்மையும் தூக்கி விடவும். தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். பாதியில் நின்றால் ஆர்ம் ஆடும் அச்சுக் கம்பியான ஹிஞ்ச் பின் வளைந்திருக்கும், அல்லது துளைக்குள் மண் ஏறியிருக்கும், அல்லது சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டாக்போன் கோப்பையில் முட்டிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்யாமல் போடுகிற எந்த ஸ்பிரிங்கும் வீண். ஹிஞ்ச் பின்னுக்கு எண்ணெய் விட வேண்டாம். மண் ஒட்டிக்கொண்டு இரண்டே ஓட்டத்தில் உப்புத்தாள் மாதிரி துளையை அரித்துவிடும்.

ஸ்லிப்பர்: தளர்வா, இறுக்கமா, பூட்டியே விடுவதா

ஸ்லிப்பர் கிளட்ச் செய்வது ஒரே வேலை: மோட்டாரின் திடீர் முறுக்கை டயர் தாங்கும் அளவுக்குக் குறைத்துக் கொடுப்பது. மேடு பள்ளத்தில் டயர் தரையை விட்டு எழும்பி மறுபடி தொடும்போதும், ஜம்ப்பில் த்ராட்டிலோடு இறங்கும்போதும் கியர் பற்களுக்கு வரும் அடியை இதுதான் வாங்கிக்கொள்கிறது.

சரியாக இருக்கிறதா என்பதைக் கையாலேயே பார்க்கலாம். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஸ்லிப்பர் நட்டின் ஓரத்தில் ஒரு மார்க்கர் புள்ளி, அதற்கு நேரே ஸ்பர் கியரில் (மோட்டார் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) ஒரு புள்ளி வையுங்கள். இன்னொருவர் இரண்டு பின் டயரையும் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். கட்டைவிரலால் ஸ்பர் கியரை வண்டி முன்னே போகும் திசையில் பலமாகத் தள்ளுங்கள். ஸ்பர் நகர்ந்து, நட்டின் புள்ளி இடத்திலேயே நின்றால் வழுக்குவது ஸ்லிப்பர், அதுதான் வேண்டியது. இரண்டு புள்ளியும் சேர்ந்தே நகர்ந்தால், டயர் நிற்கும்போது ஷாஃப்ட் சுற்றுகிறது, அதாவது உள்ளே பால் டிஃப் (பந்துகளின் உராய்வில் இயங்கும் டிஃப்) வழுக்குகிறது. இந்த நிலையில் ஒரு ஓட்டம் போனாலே பந்துகளும் வளையங்களும் கெட்டுவிடும். எப்போதும் டிஃபுக்கு முன்னால் ஸ்லிப்பர் வழுக்க வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

டிராக்கில் அளவு பார்ப்பதற்குக் காதே போதும். நின்ற நிலையிலிருந்து முழு த்ராட்டில் கொடுத்தால் மெல்லிய சீறல் கேட்கும். சாதாரண மண்ணில் அந்தச் சீறல் 30 முதல் 60 செ.மீ. தூரத்துக்குள் அடங்க வேண்டும். தூசி கிளம்பும், மேடு பள்ளமான தளத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை விடலாம். ஓட்ட வழியில் ரப்பர் படிந்து மின்னும் கெட்டிக் களிமண்ணில், அமெரிக்க ஓட்டுநர்கள் ப்ளூ க்ரூவ் என்று சொல்கிற தளத்தில், சீறல் கேட்டும் கேட்காமலும் இருந்தால் போதும். ஒரு முறைக்கு நட்டை எட்டில் ஒரு சுற்று மட்டுமே திருப்புங்கள்.

தளர்வாக வைத்தால் நல்லதுதானே என்று அளவுக்கு மீறி விட்டால் ஸ்லிப்பரின் உராய்வுத் தகடான பேடு சூடேறிக் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிடும். பிளாஸ்டிக் ஸ்பர் கியர் பேடைச் சுற்றி உருகத் தொடங்கும். ஓட்டத்தின் முதல் நிமிடத்தில் ஒரு விதமாகவும் நான்காவது நிமிடத்தில் வேறு விதமாகவும் வண்டி நடந்துகொண்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். பேடைக் கழற்றி, 600 எண் உப்புத்தாளைத் தட்டையான கண்ணாடி மேல் வைத்து லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து மாட்டினால் மறுபடி பிடிக்கும். அளவைக் குளிர்ந்த நிலையில் முடிவு செய்ய வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் ஓட்டிச் சூடான பிறகு பாருங்கள்.

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. கருவியில் பஞ்ச் அளவை (கிளம்பும்போது கொடுக்கும் வீச்சு) குறைத்தாலே போதாதா என்ற கேள்வி வரும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இரண்டும் ஒரே பலனைத் தரும். ஆனால் பஞ்சைக் குறைப்பது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் அடக்குகிறது. சுழன்றுகொண்டிருக்கும் சக்கரம் தரையில் மோதி வரும் எதிரடியை அதனால் தடுக்க முடியாது. எனவே மேடு பள்ளமான தளத்தில் ஸ்லிப்பர்தான். சமமான, வழுக்கும் தளத்தில் ஸ்லிப்பரை நடுத்தரமாக வைத்துவிட்டுப் பஞ்சைக் குறைப்பது கையாள எளிது. ஸ்லிப்பரை முழுக்கப் பூட்டுவது கார்ப்பெட் தளத்தில் லேசான வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒத்துவரலாம். இரண்டு கிலோ வண்டி மண்ணில் ஜம்ப் தாண்டும்போது பூட்டிய ஸ்லிப்பர் கியர்பாக்ஸைத்தான் தின்னும்.

பால் டிஃபா, கியர் டிஃபா

செலவும் வேலையும் அதிகமுள்ள முடிவு இது. இரண்டும் பின்சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கின்றன. வேறுபாடு அவை தரும் எதிர்ப்பில் இருக்கிறது. பால் டிஃபில் உராய்வுதான் எதிர்ப்பு. சக்கரங்களுக்கிடையே வேக வித்தியாசம் சிறிதானாலும் பெரிதானாலும் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றே. கியர் டிஃபில் சிலிக்கான் ஆயில்தான் எதிர்ப்பு. வித்தியாசம் கூடக் கூட அதுவும் கூடும். உள்சக்கரம் வெறுமனே சுற்றத் தொடங்கும்போது ஆயில் அதை இழுத்துப் பிடித்து வெளிச்சக்கரத்துக்கும் வேலை கொடுக்கும்.

இதனால்தான் தூசி மண்டிய தளத்தில் பால் டிஃப் இலகுவாகத் திரும்புகிறது, த்ராட்டிலைத் தொட்டதும் பின்பக்கம் சட்டென்று பிய்த்துக்கொண்டு போவதில்லை. மேடு பள்ளத்திலும் பிடிப்பு அதிகமான களிமண்ணிலும் கியர் டிஃப் நேராக இழுக்கிறது. முதல் லேப்பிலும் கடைசி லேப்பிலும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது.

எஸ்.சி.10 பால் டிஃபோடு வந்த வண்டி.  அதன் கியர்பாக்ஸும் டிஃபும் அதைவிட லேசான பக்கி, ஸ்டேடியம் டிரக் வகையிலிருந்து வந்தவை. பெரிய டயரும் கூடுதல் எடையும் வலுவான பிரஷ்லெஸ் மோட்டாரும் சேரும்போது பந்துகள் சீக்கிரம் தேய்கின்றன. அடிக்கடி கழற்றிப் பார்க்கப் பொறுமை இருந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள். கழற்றும்போது வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பந்து ஓடிய தடம் வெறும் மங்கலான கோடாக இருந்தால் நல்லது. நகத்தில் தட்டுப்படும் பள்ளமாகிவிட்டால் வளையத்தைத் திருப்பி, பயன்படுத்தாத பக்கத்தை 600 எண் தாளில் தேய்த்து மாட்டலாம். அந்தப் பக்கமும் போய்விட்டால் புதிதுதான். டிஃப் பந்துகளுக்குச் சிலிக்கான் அடிப்படையிலான தெளிந்த கிரீஸ். திரஸ்ட் பேரிங்குக்குக் (டிஃபை இறுக்கும் திருகின் சிறு பேரிங்) கறுப்பு மாலிப்டினம் கிரீஸ். இரண்டையும் மாற்றிப் போட்டால் டிஃப் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கிக்கொண்டே இருக்கும். இறுக்கும்போது ஸ்பிரிங் முழுக்க அமுங்கும் வரை போய், அங்கிருந்து எட்டில் ஒரு சுற்று பின்வாங்குவது பழைய வழக்கம். கையேடு வேறு சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். புதிதாகக் கட்டிய டிஃபை முழு இறுக்கத்தில் ஓட்டாமல், கொஞ்சம் தளர்த்தி, ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவான த்ராட்டிலில் அரை நிமிடம், மறு பக்கம் அரை நிமிடம் ஓடவிட்டுப் பிறகு இறுக்குவது நல்லது. கையால் சுற்றும்போது நெருடல் தெரிந்தால், கரகரப்பு கேட்டால், அது திரஸ்ட் பேரிங்கில்தான் பெரும்பாலும் தொடங்கும்.

கியர் டிஃபுக்குப் போனால் அதன் செட்டிங் ஆயிலின் எண்தான். தூசித் தளத்துக்கு 5,000 சென்டிஸ்டோக் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு), பொதுவான மண்ணுக்கு 7,000, பிடிப்பு மிகுந்த களிமண்ணுக்கு 10,000 என்று தொடங்கலாம். ஆயில் கெட்டியாகக் கெட்டியாக இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகவே இழுக்கும்: நேரில் நல்ல வேகம், ஆனால் வழுக்கும் வளைவில் இரண்டும் ஒன்றாகவே பிடி விடும். வழுக்கலுக்கு மருந்தாக ஆயிலைக் கெட்டியாக்குகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். உள்கியர்களின் குறுக்குப் பின் மூழ்கும் அளவுக்கு ஊற்றி, மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். சூட்டில் ஆயில் விரியும். விளிம்பு வரை ஊற்றினால் கேஸ்கெட் வழியாகக் கசியும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வருவதற்கு டிஃபைச் சிறு தராசில் வைத்து ஊற்றுவது உறுதியான வழி.

ஸ்லாஷ்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் கியர்பாக்ஸில் வருவது கியர் டிஃப்தான், ஆனால் ஆயில் நிற்கும்படி அடைக்கப்பட்டது அல்ல. உள்ளே 7,000 ஊற்றினால் கியர்பாக்ஸ் முழுக்கப் பரவி வெளியே வரும். அதில் செய்யக்கூடியது மிகக் கெட்டியான கிரீஸை அளவாக அடைப்பது. அதுவும் உள்சக்கரத்தின் வெறும் சுற்றலைக் குறைக்கும், ஆனால் எண் வைத்து மாற்ற முடியாது. உண்மையான மாற்றம் வேண்டுமானால் கூடுதல் பாகமாகக் கிடைக்கும் பால் டிஃப் பக்கம் போக வேண்டும். பெரிய மோட்டார் போட்டிருந்தால் அதுவும் நல்ல யோசனை அல்ல. கெட்டி கிரீஸோடு இருந்துவிட்டு, பணத்தை ஷாக்கில் போடுவது மேல்.

ஷாக்: ஆயிலை மாற்றுவதா, பிஸ்டனை மாற்றுவதா

இங்கேதான் விஷயம் நுட்பமானது. கெட்டி ஆயிலும் சின்னத் துளை பிஸ்டனும் (ஷாக் ஆயிலுக்குள் நகரும் துளையிட்ட தட்டு) ஷாக்கை மெதுவாக்குகின்றன என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். மேசை மேல் அழுத்திப் பார்க்கும்போது ஒன்றாகவேதான் தெரியும். டிராக்கில் அப்படித் தெரியாது.

வளைவில் வண்டி சாயும்போது ஷாக்கின் தண்டு மெதுவாக நகர்கிறது. அப்போது பேசுவது ஆயிலின் கெட்டித்தன்மை. ஜம்ப்பிலிருந்து இறங்கும்போதும் சின்னச் சின்ன மேடுகளில் தடதடக்கும்போதும் தண்டு மிக வேகமாக நகர்கிறது. அந்த வேகத்தில் ஆயில் துளை வழியாகச் சீராகப் போக முடியாமல் கொந்தளித்து, ஷாக் ஒரு கணம் கம்பி மாதிரி விறைத்துப்போகும். இதை ‘பேக்’ ஆவது என்பார்கள். துளை சிறிதானால் பேக் சீக்கிரம் வரும்.

ஆகவே சின்னத் துளையும் நீர்த்த ஆயிலும் பெரிய ஜம்ப்களுக்கு நல்லது. இறங்கும்போது சேஸிஸ் தரையில் அடிக்காது. பெரிய துளையும் கெட்டி ஆயிலும் தடதடப்பான தளத்துக்கு நல்லது. டயர் ஒவ்வொரு மேட்டிலும் உதறாமல் தரையோடு ஒட்டிக்கொண்டு போகும். வளைவிலிருந்து வெளியே வரும் வழியில் சின்ன மேடுகள் இருந்து அங்கேதான் பின்பக்கம் வழுக்குகிறது என்றால், ஸ்பிரிங்கை மென்மையாக்குவதைவிடப் பின் பிஸ்டனின் துளையைப் பெரிதாக்கி ஆயிலை ஒரு படி கெட்டியாக்குவது மேல்.

துளையின் அளவை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு துளை 1.6 மி.மீ. என்றால் மொத்தப் பரப்பு 4.02 சதுர மி.மீ.; 1.7 என்றால் 4.54. வெறும் 0.1 மி.மீ. வித்தியாசத்தில் 13 சதவீதம் கூடிவிடுகிறது. கையால் துளையிடுவதைத் தவிர்த்து, தயாராக வரும் பிஸ்டனை வாங்குங்கள். இடது ஷாக்கும் வலது ஷாக்கும் வேறாகிவிட்டால் வண்டி ஒரு பக்க வளைவில் மட்டும் நன்றாகவும் மறு பக்கத்தில் மோசமாகவும் போகும். பிறகு காரணமும் பிடிபடாது.

ஆயில் வாங்கும்போது கெட்டித்தன்மைக்காகப் புட்டியில் போடும் வெயிட் எண்ணை நம்பாமல் சென்டிஸ்டோக் எண்ணைப் பாருங்கள். அசோசியேட்டட்டின் 30 வெயிட் 350 சென்டிஸ்டோக், 35 வெயிட் 425, 40 வெயிட் 500. வேறு நிறுவனத்தின் 30 வெயிட் இதே அளவாக இருக்க வேண்டியதில்லை. அந்த எண்ணும் 25 டிகிரி செல்சியஸில் அளந்தது. 40 டிகிரியில் அதே ஆயில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நீர்த்துவிடும். கையேட்டில் 30 வெயிட் என்று இருந்தால் நம் ஊர் சித்திரை வெயிலில் 35 அல்லது 37.5 ஊற்றினால்தான் அவர்கள் சொன்ன நடத்தை கிடைக்கும். இதைக் கவனிக்காமல் காலையில் சரியாக இருந்த வண்டி மதியம் துள்ளுகிறது என்று ஸ்பிரிங்கை மாற்றுவது வீண் வேலை.

ஆயில் ஊற்றியதும் பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தி, குமிழ்கள் ஏறி வர ஐந்து பத்து நிமிடம் நிமிர்த்தி வைத்துவிடுங்கள். மூடிய பிறகு இரண்டு ஷாக்கையும் பக்கத்தில் வைத்து முழுக்க அழுத்தி விட்டுப் பாருங்கள்; ஒரே வேகத்தில், ஒரே தூரத்துக்குத் தண்டு வெளியே வர வேண்டும். பிறகு ஓட்டத்துக்குத் தயாரான முழு வண்டியை 30 செ.மீ. உயரத்திலிருந்து சமமாக விடுங்கள். சேஸிஸ் தரையை லேசாகத் தொட்டு, ஒரே மூச்சில் எழுந்து அமர்ந்தால் சரி. படாரென்று அடித்தால் பேக் போதாது, துளை பெரிது. தரையைத் தொடாமலே பந்து மாதிரி எகிறினால் பேக் அதிகம்.

ஸ்பிரிங் எங்கே வருகிறது? வண்டி சமதளத்தில் த்ராட்டில் கொடுக்கும்போது பின்பக்கம் உட்காரவே இல்லை என்றால் பின் ஸ்பிரிங் கடினம். ஒரு படி மென்மையாக்கலாம். ஆனால் ஸ்பிரிங்கை மாற்றியதும் உயரமும் மாறும். வண்டியை அழுத்தி விட்டபின் பின் டாக்போன்கள் ஏறக்குறைய தரைக்கு இணையாக நிற்கும்படி ஸ்பிரிங்கைத் தாங்கும் காலரைத் திருப்பிச் சரிசெய்யாவிட்டால், நீங்கள் பார்ப்பது ஸ்பிரிங்கின் பலனை அல்ல, உயர மாற்றத்தின் பலனை.

ஜம்ப்பில் மூக்கு மேலே தூக்குகிறது என்று ஷாக்கைத் தேடிப் போகும் முன் பாடியைப் பாருங்கள். ஷார்ட் கோர்ஸ் பாடி அகலமான கூடாரம். உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல் குடையாகத் தூக்குகிறது. பந்தய விதி அனுமதித்தால் பின்சக்கரங்களுக்குப் பின்னால் உள்ள பகுதியிலும் பின் ஜன்னலிலும் துளை வெட்டுவது எந்த ஸ்பிரிங்கையும்விடப் பலன் தரும்.

கியரிங்: பினியனா, ஸ்பரா

ஸ்லாஷின் பிரஷ்டு மோட்டார் வகையில் 19 பல் பினியன் (மோட்டார் தண்டிலுள்ள சிறு பல்சக்கரம்), 86 பல் ஸ்பர், கியர்பாக்ஸின் உள்விகிதம் 2.72. 86-ஐ 19-ஆல் வகுத்து 2.72-ஆல் பெருக்கினால் மொத்த விகிதம் 12.31. டயர் விட்டம் 110 மி.மீ. என்றால் மோட்டாரின் ஒரு சுற்றுக்கு வண்டி 28 மி.மீ. நகரும். பினியனை 20 பல் ஆக்கினால் விகிதம் 11.70, அதாவது 5 சதவீத மாற்றம். ஸ்பரை 83 ஆக்கினால் 11.88, மூன்றரை சதவீதம். நுணுக்கமான மாற்றத்துக்கு ஸ்பர், விரைவான மாற்றத்துக்குப் பினியன்.

பினியன் பெரிதானால் சக்கரத்தில் முறுக்கு குறையும். வழுக்கலும் கொஞ்சம் அடங்கும். இதை ஒரு தந்திரமாகவே சிலர் செய்கிறார்கள். இதற்கான விலையை மோட்டார் கொடுக்கிறது. ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டாரின் பின் மூடியில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 70 டிகிரிக்குள் இருந்தால் ஒரு பல் கூட்ட இடமிருக்கிறது. அதைத் தாண்டினால் பினியனைச் சிறிதாக்க வேண்டும், வழுக்கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும். வழுக்கலை ஸ்லிப்பரில் தீருங்கள்.

பிட்ச் அல்லது மாட்யூல் எண்ணால் குறிக்கும் பற்களின் அளவிலும் ஒரு தேர்வு உண்டு. 48 பிட்ச்சில் பற்கள் சிறியவை, ஒலி குறைவு. 32 பிட்ச்சில் பற்கள் தடிமன். வலுவான நான்கு போல் (நான்கு காந்த முனை) மோட்டாருக்கு அதுதான் தாங்கும். 32 பிட்ச்சும் 0.8 மாட்யூலும் ஏறக்குறைய ஒன்றாகப் பொருந்தும். 48 பிட்ச்சும் 0.6 மாட்யூலும் பொருந்தாது, ஒரே ஓட்டத்தில் ஸ்பர் வழித்துப் போகும். மாட்டும்போது ஒரு துண்டுக் காகிதத்தை இரண்டு கியருக்கும் நடுவே உருட்டி, மோட்டாரை அழுத்தி இறுக்கி, காகிதத்தை எடுத்துவிடுங்கள். பிறகு ஸ்பரை முழுச் சுற்று சுற்றி, கால் சுற்றுக்கு ஒரு முறை ஆட்டம் பாருங்கள். பிளாஸ்டிக் ஸ்பர் முழு வட்டமாக இருப்பது அரிது. இறுக்கமான இடத்திலும் மயிரிழை ஆட்டம் மிஞ்ச வேண்டும்.

ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால்

எஸ்.சி.10 வகையில் பால் டிஃபோடு ஓட்டுபவர் முதலில் வாங்க வேண்டியது புதிய டிஃப் வளையங்களும் கார்பைடு பந்துகளும். ஷாக் அதற்குப் பிறகு. ஸ்லாஷ் வைத்திருப்பவர் ஸ்லிப்பர் பேடைச் சுத்தம் செய்து, டிஃபில் கெட்டி கிரீஸ் அடைத்துவிட்டு, இரண்டு அளவு பின் பிஸ்டன்களையும் 350, 425, 500 சென்டிஸ்டோக் ஆயில்களையும் வாங்கட்டும். பிடிப்பு மிகுந்த களிமண்ணில் வழுக்குவதற்குப் பதில் வண்டி புரள்கிறது என்றால் இவை எதுவும் உதவாது. ஸ்லாஷுக்கு வரும் தாழ்வான சேஸிஸ் வேண்டும்.

எதை மாற்றினாலும் ஒரு ஓட்டத்துக்கு ஒன்று மட்டும். மாற்றியதையும், தளத்தின் ஈரத்தையும், அன்றைய வெப்பத்தையும், நட்டு எத்தனை எட்டில் ஒரு சுற்று திரும்பியது என்பதையும் பென்சிலால் எழுதி டூல்பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.